பாடிக் காட்டினால் நம்பர் கிடைக்கும்

மகளின் பள்ளியில் தனிப்பாட்டுப் போட்டி. டீச்சர் கொடுத்தது சாமுவேல் பார்பர் 1938இல் இசையமைத்த ‘ஷ்யூர் ஆன் திஸ் ஷைனிங் நைட்’. இங்கே அமெரிக்காவில் இந்த மாதிரிப் போட்டிகளுக்கு வழக்கமாகப் போகிற பாட்டு. கவிதை ஜேம்ஸ் ஏஜியுடையது. உச்சிக்கோடை, நட்சத்திர வெளிச்சத்தில் நிழல் விழும் இரவு, தன்னந்தனியே திரிகிறவன் வியப்பு தாங்காமல் அழுகிறான். மொத்தம் இரண்டு மூன்று நிமிடம்தான். எங்கள் வீட்டில் அது ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்துப் பத்தரை வரை ஓடும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா முதல் நாள் கேட்டுவிட்டு, “ஏண்டி பாப்பா, பரீட்சையில ஏதாச்சும் போயிடுச்சா?” என்றார்.

பியானோ துணை இசை மகளின் போனில் இருக்கிறது. அது கொஞ்சம் தட்டியதுமே குரல் சேர்ந்துவிட வேண்டும். தண்ணீர் குடிக்கக்கூட நேரம் தராது. அப்புறம் பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாகத் தட்டும் பியானோ கார்டுகள் ஒரே சீராகத் துடித்துக்கொண்டே போக, மேலே குரல் நீளமாக ஒரு வரியை இழுக்கும். சற்றுப் பின்னால் பியானோவும் அதே மெட்டை எடுத்துக்கொண்டு வரும். இதற்குக் கேனன் என்று பெயர் என்று மகள் விளக்கினாள். “அட, கச்சேரியில வயலின்காரர் பின்னாலேயே வர்ற மாதிரி” என்றார் அம்மா. அன்றிலிருந்து தினமும் சோபாவில் உட்கார்ந்து, போடவே முடியாத அந்தப் பாட்டுக்குத் தாளம் போடுகிறார்.

இந்தப் பாட்டைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். வீடு மாறிய பார்பருக்குத் தன் புது டெலிபோன் நம்பர் ஞாபகம் வரவில்லை. ஆபரேட்டரைக் கூப்பிட்டார். வெளியே தரக் கூடாத நம்பர் என்றார் அந்தப் பெண். நான்தான் பார்பர் என்றார் இவர். அப்படியானால் ‘ஷைனிங் நைட்’டின் ஆரம்பத்தைப் பாடுங்கள் பார்ப்போம் என்றாராம் அவர். பார்பர் முறையாகக் குரல் பயின்ற பாரிடோன், அதாவது நடுத்தர ஆண்குரல் பாடகர். பாடினார், நம்பர் கிடைத்தது.

போன வாரம் நான் வங்கிக்குப் போன் செய்தேன். இப்போதெல்லாம் குரலை வைத்தே ஆளை அடையாளம் காண்கிறதாம் மெஷின். ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னது. நான் வாயைத் திறக்கவும் பக்கத்து அறையில் மகள் பாட்டின் உச்சத்துக்குப் போகவும் சரியாக இருந்தது. குரல் பொருந்தவில்லை என்றது மெஷின். மறுபடி சொன்னேன். இந்த முறை அம்மாவின் தாளமும் சேர்ந்துகொண்டது. போதுமடா சாமி என்று அது என்னை ஒரு பெண்மணியிடம் தள்ளிவிட்டது.

அவர் எடுத்ததுமே, “பின்னால் பாடுவது யார்? நானும் ஹைஸ்கூலில் இதைப் பாடியிருக்கிறேன்” என்றார். முதல் வரியை முணுமுணுக்கவும் செய்தார். எனக்கு நம்பிக்கை பொங்கியது. கேட்டால் நானும் பாடிவிடலாம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“அழகான பாட்டு” என்றார். “சரி, உங்கள் முழுப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள்.”

அப்பா பெயரையும் சேர்த்தால் ஆங்கிலத்தில் எனக்கு இருபத்தாறு எழுத்து. அது ‘எம்’மா ‘என்’னா என்று நாங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வருவதற்குள், மகள் இன்னொரு தடவை முழுசாகப் பாடி முடித்திருந்தாள்.