மூன்று அச்சில் ஒரு நியூட்ரான்

திண்மப் பொருளுக்குள் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை எக்ஸ்-கதிர் காட்டிவிடும். ஆனால் அவை சும்மா இருப்பதில்லை, ஓயாமல் அதிர்கின்றன. அந்த அதிர்வை அளக்க ஒரு கருவி வேண்டுமென்றால், 1950களில் கனடாவின் சாக் ரிவர் அணு உலையில் இயற்பியலாளர் பெர்ட்ராம் பிராக்ஹவுஸ் கண்ட விடையைவிட அழகானது எனக்குத் தெரிந்து இல்லை.

அவர் எடுத்துக்கொண்டது நியூட்ரான். 1 ஆங்ஸ்ட்ராம் (சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள எக்ஸ்-கதிரின் ஆற்றல் சுமார் 12,400 எலக்ட்ரான் வோல்ட். அணு அதிர்வின் ஆற்றலோ 0.01, 0.03 என்ற அளவில்தான். அவ்வளவு பெரிய தொகையில் இந்தச் சில்லறை குறைந்ததா கூடியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உலையின் வெப்ப நியூட்ரானுக்கு மொத்த ஆற்றலே 0.025தான், அலைநீளம் 1.8 ஆங்ஸ்ட்ராம், அணு இடைவெளிக்கும் பொருத்தம். ஓர் அதிர்வைக் கிளப்பிவிட்டு வந்தால் பளிச்சென்று தெரியும்.

சரி, கருவிக்கு வருவோம். இதில் மூன்று பாகங்கள், ஒவ்வொன்றும் தன் அச்சில் திரும்பும். முதல் படிகம், அது திரும்பியிருக்கும் கோணத்துக்கேற்ப, ஒரே ஆற்றலுள்ள நியூட்ரான்களைப் பொறுக்கி அனுப்பும், நடுவில் மாதிரி, அதாவது ஆராய வேண்டிய பொருள், அங்கே சிதறி வருபவற்றின் ஆற்றலை மூன்றாவது அச்சிலுள்ள படிகம் பிரித்துக் காட்டும். கனமான கவசத்தோடு சேர்த்து இதெல்லாம் துல்லியமாகத் திரும்ப வேண்டும், அதனால் இன்று பல இடங்களில் காற்றழுத்தத்தில் மிதக்கவிட்டு வழவழப்பான தரையில் நகர்த்துகிறார்கள்.

இதில் ஒரு தொல்லை உண்டு. கிராஃபைட் படிகத்தை 2.36 ஆங்ஸ்ட்ராமுக்குத் திருப்பி வைத்தால், சுமார் 20.6 பாகை, அதே கோணத்தில் அதன் பாதி அலைநீளமான 1.18ம் நான்கு மடங்கு ஆற்றலோடு கூடவே வந்துவிடும், இல்லாத அதிர்வை இருப்பதாகக் காட்டும். அதற்குக் கற்றையின் வழியில் இன்னொரு கிராஃபைட் துண்டையே வடிகட்டியாக வைப்பார்கள்: 2.36ஐ விட்டுவிட்டு 1.18ஐச் சிதறடித்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அப்புறம் துல்லியம். கற்றையை இறுக்கினால் நியூட்ரான் வரத்து சரிந்துவிடும், தளர்த்தினால் பக்கத்துப் பக்கத்து அதிர்வுகள் ஒன்றாகக் கலந்துவிடும். வடிவமைப்பில் முக்கால்வாசி தலைவலி இதுதான். பிராக்ஹவுஸின் பெரிய யோசனை, மாதிரிக்குக் கைமாறும் உந்தத்தை மாறாமல் வைத்துக்கொண்டு, கோணங்களை ஒருசேர நகர்த்தி ஆற்றலை மட்டும் படிப்படியாக மாற்றுவது. வரைபடத்தில் மேடு எங்கே எழுகிறதோ அதுவே அந்த அதிர்வின் ஆற்றல்.

அங்கே அவரோடு வேலை செய்தவர்களில் நம் இந்திய இயற்பியலாளர் பி. கே. ஐயங்காரும் ஒருவர். ஜெர்மானியம் என்ற தனிமத்தின் அதிர்வுகளை அளந்து 1958இல் இருவரும் கட்டுரை வெளியிட்டார்கள், பிறகு ஐயங்கார் மும்பையின் டிராம்பேயில் நியூட்ரான் சிதறல் ஆய்வை வளர்த்தார். பிராக்ஹவுஸுக்கு நோபல் கிடைத்தது 1994இல்தான், அமெரிக்க இயற்பியலாளர் கிளிஃபோர்ட் ஷல்லோடு சேர்த்து. ரொம்பவே தாமதம் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் அதற்குள் உலகின் பெரிய ஆராய்ச்சி உலைகள் பலவற்றிலும் இந்த மூவச்சுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது.