பாலைமலை மண் கேள்வியா? அடிப்பாறையில் தொடங்குங்கள்

மண் வகைப்பாட்டுத் தாளில் தேறிவிட்டேன். ரிசல்ட் பார்த்த சூட்டோடு எழுதுகிறேன், ஆறப்போட்டால் உபதேசமாகிவிடும். வினாத்தாள் அமைப்பெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். பாலைவனக் குன்றுகளிலும் மலைகளிலும் இருக்கும் ஆழமில்லாத கல்மண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பயிர் விளையாத மண்தானே என்று பலரும் தாண்டிப்போகும் பகுதி அது. எங்களுக்குப் பெரிய கேள்வி, படம் பார்த்து விவரிக்கும் செய்முறை, வாய்மொழித் தேர்வு என்று மூன்றிலும் அதுதான் வந்தது. வந்ததில் வியப்பும் இல்லை. உலக மண் தொகுதிகளில் மிக அதிகப் பரப்பில் இருப்பது லெப்டோசால்தான் (அடிப்பாறை மேலேயே தட்டுப்படும், இல்லையென்றால் கல் நிறைந்த மண்), ஏறத்தாழ 165 கோடி ஹெக்டேர். ஹொகர், திபெஸ்தி, சினாய், ஹஜர் என்று எந்தப் பாலைமலையை எடுத்தாலும் இந்த மண்ணைத் தாண்டிப் போக முடியாது.

என்னைக் காப்பாற்றியது ஒரே ஒரு பழக்கம். ப்ரொஃபைலை, அதாவது மண்ணின் செங்குத்து வெட்டுமுகத்தை, கீழிருந்து மேலே படிப்பேன். எல்லோரும் மேற்பரப்பின் நிறம், இழைநயம் என்று தொடங்குவார்கள். இந்த மண்ணுக்கு அது வீண் வேலை. பாறை எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று முதலில் கோடு போடுங்கள், பக்கத்தில் எண்ணை எழுதுங்கள். மீதியை அந்த எண் பார்த்துக்கொள்ளும்.

- 10 செ.மீ.க்குள் பாறை: 1974இல் எஃப்ஏஓ (ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு) போட்ட மண் பட்டியலில் லித்தோசால். இன்றைய டபிள்யூஆர்பியில் (சர்வதேச மண் வகைப்பாட்டு முறை) லெப்டோசாலுக்கு முன்னால் ‘லித்திக்’ சேரும்.
- 25 செ.மீ.க்குள்: டபிள்யூஆர்பியில் லெப்டோசால்.
- 50 செ.மீ.க்குள்: அமெரிக்க வகைப்பாட்டில் ‘லித்திக்’ துணைப்பிரிவு.
- பாறை ஆழத்தில் இருந்தாலும், 75 செ.மீ. வரை சராசரியாக நுண்மண் (2 மி.மீ. சல்லடையில் இறங்குவது) கன அளவில் 20 சதவீதத்துக்கும் குறைவென்றால் அதுவும் லெப்டோசால் பக்கம்தான். மலையடிவாரக் கற்குவியல்களுக்கு இந்த விதி.

இரண்டு முறைகளிலும் ‘லித்திக்’ வருகிறது, அளவு வேறு. இதில் குழம்பியவர்கள் எங்கள் அறையிலேயே நிறையப் பேர்.

இன்னொரு வேறுபாட்டையும் மனதில் வையுங்கள். டபிள்யூஆர்பி திறவுகோலில் (மண்ணை வரிசையாகச் சோதித்துப் பிரிக்கும் பட்டியல்) லெப்டோசால் ஐந்தாவது இடத்திலேயே வந்துவிடும். அமெரிக்க முறையில் என்டிசால், அதாவது தனி அடுக்குகள் உருவாகாத இளம் மண், கடைசி. மற்ற பதினோரு வாசல்களிலும் நுழைய முடியாததுதான் அங்கே போய் விழும். அதனால் மேலோட்டமான கல்மண் என்றதும் லித்திக் டோரிஆர்தென்ட் (வறண்ட நிலத்து என்டிசாலில் ஒரு வகை) என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பாறைக்கு மேலே 15 செ.மீ. தடிமனில் தகுதியான கால்சிக் அடுக்கு (சுண்ணாம்பு சேர்ந்த அடுக்கு) இருந்தால் அது அரிடிசாலுக்குள் (அடுக்கு உருவான பாலைவன மண்) போய் லித்திக் ஹாப்லோகால்சிட் ஆகிவிடும். களிமண் சேர்ந்த ஆர்ஜிலிக் அடுக்கு இருந்தால் ஹாப்லார்ஜிட், அதுவும் அரிடிசால்தான். ஆழம் குறைவு என்பதற்காக அரிடிசால் கதவு மூடுவதில்லை.

இப்போது என் வயிற்றெரிச்சல். ஒரு கொள்குறி வினாவில் 40 செ.மீ.யில் சிஆர் அடுக்கு காட்டியிருந்தார்கள். விடைக்குறிப்பில் ‘லித்திக்’. சிஆர் என்றால் சிதைந்து மென்மையான பாறை, அதன் மேல்விளிம்பு பாராலித்திக் காண்டாக்ட். கெட்டிப் பாறையின் மேல்விளிம்புதான் லித்திக் காண்டாக்ட். லித்திக் ஆக வேண்டுமானால் மண்வெட்டியால் தோண்டிப் பயனில்லாத அளவு கடினமாக இருக்க வேண்டும். வேர் நுழையும் பிளவுகள் இருந்தாலும் அவற்றுக்கிடையே 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் இடைவெளி வேண்டும். அந்த ப்ரொஃபைலுக்கு ‘லித்திக்’ கிடைக்காது, அமெரிக்க முறையில் துணைப்பிரிவுக்கு அடுத்த குடும்ப நிலையில் ‘ஷாலோ’ (ஆழமில்லாதது) என்று மட்டும் வரும். ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. போகட்டும், நீங்களாவது சரியான விடையைத் தெரிந்துவைத்திருங்கள்.

செய்முறையில் இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. 30 செ.மீ.யில் வெள்ளையாக, கெட்டியாக ஒரு தளம். அடிப்பாறையா, பெட்ரோகால்சிக் அடுக்கா (சுண்ணாம்பு இறுகிக் கெட்டியான அடுக்கு)? பெட்ரோகால்சிக் என்றால் அது மண்ணில் உருவான அடுக்கு, எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் லித்திக் காண்டாக்ட் கணக்கில் வராது. அமிலம் விட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். சுண்ணாம்புப் பாறை மலையில் பாறையும் பொங்கும், அடுக்கும் பொங்கும். மேல்விளிம்பைப் பாருங்கள். மெல்லிய ஏடு ஏடாகப் படிந்திருக்கிறதா? வேறு நிறச் சரளைக்கற்கள் உள்ளே புதைந்து கிடக்கின்றனவா? அப்படியென்றால் பெட்ரோகால்சிக்.

கற்களைத் திருப்பிப் பார்க்கும் வழக்கமும் வேண்டும். ஓரளவு அமைதியான சரிவில் கல்லின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூச்சு இருக்கும். ஊறி இறங்கும் நீர் கல்லுக்கடியில் தங்கி, காய்ந்து, சுண்ணாம்பை விட்டுப்போகும். பூச்சு மேல்பக்கத்திலோ பக்கவாட்டிலோ இருந்தால் கல் உருண்டு வந்திருக்கிறது. இந்த ஒரு வரியை எழுதியதும் செய்முறைத் தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு மனப்பாடம் வராது, கண்ணால் பார்த்தது மட்டும் மறக்காது. உங்களுக்கு நேர்மாறாக இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

அப்புறம் கணக்கு. இதில் மதிப்பெண்ணை விட்டால் அநியாயம்.

ஆழம் 30 செ.மீ., கன அளவில் கல் 60 சதவீதம், நுண்மண் தாங்கும் பயன்படு நீர் (செடி எடுத்துக்கொள்ளக்கூடிய நீர்) கன அளவில் 15 சதவீதம். அவசரக்காரர் 300 × 0.15 = 45 மி.மீ. என்று எழுதிவிடுவார். கல்லைக் கழியுங்கள்: 300 × 0.4 × 0.15 = 18 மி.மீ. பாதிகூட இல்லை. கேள்வியில் கல்லின் பங்கை எடையில் கொடுத்திருந்தால் முதலில் கன அளவுக்கு மாற்ற வேண்டும். 2 மி.மீ. சல்லடையில் நிற்பதெல்லாம் கல். கன அளவில் 35 சதவீதம் எட்டினால் அமெரிக்க முறையின் குடும்பப் பெயரில் ‘ஸ்கெலிடல்’ (கல் நிறைந்தது) வரும்.

பெரிய கேள்விக்கு எல்லோரும் “நீர் தாங்காத வறண்ட மண், தாவரம் அரிது” என்று எழுதி முடிப்பார்கள். நான் இஸ்ரேலின் நெகேவ் பாலைவன மலைச்சரிவுகளை எடுத்தேன். மழை ஆண்டுக்கு சுமார் 90 மி.மீ.தான். ஆனால் அங்கே பாறை வெளியே தெரியும் மேல்சரிவில் செடிகள் செழிப்பு. மண் தடிமனாகப் படிந்த கீழ்ச்சரிவில் குறைவு. பாறை நீரை உறிஞ்சாமல் வழியவிடும், அந்த நீர் பிளவுகளிலும் சின்ன மண்பைகளிலும் போய்ச் சேரும், ஆழமாக இறங்கிவிடுவதால் சீக்கிரம் ஆவியாகாது. கீழே பரந்த மண்ணில் அதே மழை மேல் சில சென்டிமீட்டரை நனைத்துவிட்டு வெயிலில் போய்விடும். 18 மி.மீ. கணக்கையும் இதையும் சேர்த்தே எழுதினேன். முதலாவது சதுர மீட்டர் சராசரி, இரண்டாவது நீர் உண்மையில் எங்கே நிற்கிறது என்பது. இரண்டும் முரண் இல்லை.

எதற்கு அதிகம் மெனக்கெட வேண்டாம்:
- பாலைவன மெருகு (பாறை மேல் படியும் கருமையான பூச்சு). இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளும் களிமண்ணும் என்று ஒரு வரி போதும்.
- உருவாகும் காரணம். மண் உண்டாகும் வேகத்தை அரிப்பு மிஞ்சுகிறது. சரிவு செங்குத்து, தாவரப் போர்வை இல்லை. தீர்ந்தது.
- ரெண்ட்சினா, ரேங்கர் (ஆழமில்லாத மண்களின் பழைய பெயர்கள்) வரலாறு. 1988இல் லெப்டோசாலுக்குள் சேர்த்தார்கள் என்று தெரிந்தால் சரி.

வாய்மொழித் தேர்வில் படத்தைக் காட்டி “இது என்ன மண்?” என்பார்கள். பெயரைச் சொல்லாதீர்கள். “பாறை எத்தனை செ.மீ.யில் என்று அளவுகோல் தெரியவில்லையே, சொல்ல முடியுமா?” என்று கேளுங்கள். என்னிடம் 20 என்றார்கள். லெப்டோசால், ஆனால் டபிள்யூஆர்பி லித்திக் இல்லை. அமெரிக்க முறையில் லித்திக், மேலே அடுக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் என்டிசாலா அரிடிசாலா என்று சொல்வேன் என்றேன். அடுத்த கேள்வி உவர்மண்ணுக்குப் போய்விட்டது.