வேப்பிலைக்கு நான்கு நாள் முன்பே

எங்கள் ஊரில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் அக்கம்பக்கத்தார் அந்தப் படி ஏற மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையைப் பள்ளிக்கும் அனுப்ப மாட்டார்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் தலைமை ஆசிரியையாக அந்தக் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன்.

ஆனால் தட்டம்மைக்கு அது மட்டும் போதாது. தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அது பரவுகிறது. அப்போது காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு அவ்வளவுதான். யாரும் சாதாரணச் சளி என்றுதான் நினைப்பார்கள். அந்தப் பிள்ளை வகுப்பைவிட்டு எழுந்துபோன பிறகும் இரண்டு மணி நேரம்வரை கிருமி காற்றில் இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் நெருங்கிப் பழகினால் பத்தில் ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு முழு வருகைப் பரிசு கொடுப்பதை நிறுத்தினோம். பரிசுக்காகக் காய்ச்சலோடு வரும் பிள்ளைகள் இருந்தார்கள். அதைவிடப் பெரிய காரணம் வயிற்றுப்பாடு. அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் யார் பார்ப்பது? பள்ளிக்கு வந்தால் சாப்பாடாவது கிடைக்கும். இந்தத் தாய்மாரிடம் கோபப்பட்டு என்ன பயன்? இப்போது காய்ச்சலுள்ள பிள்ளையைக் காற்றோட்டமான திண்ணையில் தனியாக உட்காரவைத்து, சாப்பிடவைத்து, பாட்டியையோ அத்தையையோ கூப்பிட்டு அனுப்பிவைக்கிறோம்.

2017 பிப்ரவரியில், 9 மாதம் முதல் 15 வயதுவரை தட்டம்மை ரூபெல்லா ஊசி போடும் முகாம் நடந்தபோது ஊசி கெடுதல் என்ற வாட்ஸ்அப் வதந்தி, பள்ளி சொல்வதற்கு முன்பே ஊருக்குள் நுழைந்துவிட்டது. பலர் பிள்ளைகளை அனுப்பவே இல்லை. முகாமை மார்ச்வரை நீட்டிக்க வேண்டியிருந்தது. அப்போது ஒரு பாட்டி, “ஊசி போட்டா ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளா?” என்று கேட்டார். எங்கள் நர்சம்மா, “இவளுக்குச் சொட்டு மருந்து போட நீங்கதானே பாட்டி தூக்கிட்டு வந்தீங்க? அப்பக் கோவிக்காதவ இப்பவா கோவிக்கப்போறா?” என்றார். பாட்டி பேத்தியின் கையைப் பிடித்து வரிசையில் நின்றார். சாமியைக் குறைசொல்லிப் பேசியிருந்தால் அந்த இடம் சண்டையாகியிருக்கும்.

இப்போது சேர்க்கையின்போதே தடுப்பூசி அட்டையைக் கேட்கிறோம். 9 முதல் 12 மாதத்துக்குள் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று, இரண்டு தவணையும் இருக்கிறதா என்று பார்ப்போம். வீட்டில் இருக்கும் தம்பி தங்கைகளையும் குறித்துக்கொள்வோம். ஊசி போடும் வயது வராத கைக்குழந்தைக்கு அண்ணனோ அக்காவோ பள்ளியிலிருந்து கொண்டுபோவதுதான் ஆபத்து. நிமோனியா, வயிற்றுப்போக்கு, கண் பாதிப்பு என்று சின்ன உடம்பை அது படுத்திவிடும்.

செங்கல் சூளைக்கு வரும் குடும்பங்களிடம் அட்டையே இருக்காது. “அப்படின்னா போடலைன்னே வச்சுக்குங்க டீச்சர். ஏற்கெனவே போட்டிருந்தாலும் இன்னொரு தடவை போடுறதால கெடுதல் இல்லை” என்பார் நர்சம்மா. அந்தப் பெயர்களைத் தனியாக எழுதிவைப்பேன். புதன்கிழமை அவர் ஊசி போட வரும்போது முதலில் வாங்கிப் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.