புளியங்கொட்டைப் படை

ஜூன் 12

1815இல் இதே நாள் விடிவதற்கு முன்பே நெப்போலியன் பாரிஸிலிருந்து கிளம்பிவிட்டார், வாட்டர்லூவில் போய் முடிந்த படையெடுப்புக்கு. நானும் பெல்ஜிய வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவிட்டேன். ஒரு புளியங்கொட்டை என்றால் பத்தாயிரம் பிரெஞ்சு வீரர், மொத்தம் பன்னிரண்டு. அதே கணக்கில் பிரஷ்ய நாட்டு ஜெர்மானியர்களுக்குச் சோழி, பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் கூட்டுப் படைக்குக் கொண்டைக்கடலை. சோழியும் கடலையும் ஒன்றுசேர்வதற்குள் நடுவில் புகுந்து தனித்தனியாக அடிக்க வேண்டும். அதுதான் திட்டம்.

ஜூன் 14

கொட்டைகள் எல்லையோரம் குவிந்துவிட்டன. தன் பழைய மரெங்கோ, ஃபிரீட்லாண்ட் போர் வெற்றிகள் இரண்டும் ஜூன் 14இல் கிடைத்தவை என்று வீரர்களுக்கு அறிக்கை விட்டார் நெப்போலியன். நாள் பார்க்கிற பழக்கம் நமக்கு மட்டும் இல்லை போலும்.

ஜூன் 15

விடியற்காலையில் எல்லை தாண்டல். பிரெஞ்சுத் தளபதி வாந்தாமின் படை மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. ஆணையைக் கொண்டுபோனவன் குதிரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். ஒரே ஒருவனை நம்பியா அனுப்புவார்கள்? இத்தனை காலம் நெப்போலியனின் ஆணைகளை எழுதி அனுப்பிய பெர்த்தியே, இரண்டு வாரம் முன்புதான் பாம்பெர்க்கில் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்திருந்தார். அவர் இடத்தில் சூல்த். நல்ல தளபதி, ஆனால் எழுத்து வேலைக்குப் பழகாதவர்.

எதிர்த்தரப்பின் லட்சணமும் அதுதான். லியேஜ் நகரில் இருந்த பிரஷ்யத் தளபதி பியூலோவுக்கு, பிரஷ்யத் தலைமையகத்திலிருந்து க்னைசெனாவ் எழுதிய கடிதத்தில் மரியாதை வழிந்தது, அவசரம் தெரியவில்லை. விளைவு, பியூலோவின் மூன்று சோழிகள் மறுநாள் போர் நடந்த லின்யிக்கு வந்து சேரவே இல்லை.

நண்பகலுக்குள் ஷார்லெருவா பாலம் பிரெஞ்சுக்காரர் கையில். இரவு வெலிங்டன் பிரஸ்ஸல்ஸில் நடன விருந்தில். நீவெல் என்ற ஊரில் ஒன்றுசேரும்படி அவர் அனுப்பிய ஆணையை நெதர்லாந்து அதிகாரிகள் மீறி, காத்ர் பிரா நாற்சந்தியிலேயே நின்றுகொண்டார்கள். கீழ்ப்படிந்திருந்தால் சந்தி போயிருக்கும்.

ஜூன் 16

சந்திக்கு வந்த கடலைகளில் பிரிட்டிஷ் படையின் 33ஆம் ரெஜிமென்டும் உண்டு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை எதிர்த்து வெலிங்டனோடு நின்ற அதே ரெஜிமென்ட். மேசையில் அதைத் தனியாக எடுத்துவைத்தேன்.

இன்று இரண்டு போர்கள்: லின்யியில் பிரஷ்யர்களை எதிர்த்து நெப்போலியன், காத்ர் பிராவில் வெலிங்டனை எதிர்த்து அவருடைய மார்ஷல் நே. நடுவே பிரெஞ்சுத் தளபதி தெர்லோனின் இருபதாயிரம் பேர், இரண்டு கொட்டை. நேயிடம் போய்க்கொண்டிருந்தவர்களை லின்யிப் பக்கம் திருப்பியது ஓர் ஆணை. கண்ணுக்கெட்டும் தூரத்துக்கு வந்தபின், திரும்பி வா என்று நேயின் ஆணை. போனார்கள், வந்தார்கள், இருட்டிவிட்டது.

சாப்பிட வேண்டும், மடித்து வை என்று வீட்டில் குரல். அந்த இரண்டு கொட்டைகளையும் நகர்த்தி நகர்த்தி அங்கே பென்சில் கோடு அழிந்திருக்கிறது.