90 நாள் அவகாசம்

சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் இருக்கும் ஓய்வுக்காலக் குடியிருப்புக்கு நானும் என் கணவரும் மாறிய அன்று, மகள் எங்கள் சமையலறைச் சுவரில் நாட்காட்டியை மாட்டி, மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டுப் போனாள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 1999ஆம் ஆண்டு ஓய்வுக்காலக் குடியிருப்புச் சட்டம், புதிதாக வருபவருக்கு 90 நாள் குடியமரும் காலம் என்று ஒன்றைத் தருகிறது. அதற்குள் ஒத்துவரவில்லை என்று விலகினால், தங்கிய நாட்களுக்கான சந்தை வாடகையும் சில சிறு செலவுகளும் போக, கட்டிய பணம் திரும்பிவிடும். பெருந்தொகையான வெளியேறும் கட்டணம் பிடிக்கப்படாது. அந்தச் சிவப்பு வட்டம் எங்களுக்கான கெடு என்பதைவிட, மகளுடைய நம்பிக்கை என்றுதான் சொல்ல வேண்டும்.

பெற்றோர் விசாவில் வந்து ஆறாண்டுகள் அவள் வீட்டில்தான் இருந்தோம். குறை ஒன்றும் இல்லை. ஆனால் படுக்கையறைகள் எல்லாம் மாடியில் இருந்தன. கணவருக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடந்த பிறகு, ஒரு நாளில் எத்தனை முறை கீழே இறங்கலாம் என்று கணக்கிட்டு வாழ வேண்டியதாயிற்று. பகல் முழுவதும் மகளும் மருமகனும் வேலையில் இருப்பார்கள். பேருந்து நிறுத்தம் அவர் நடந்து எட்டும் தூரத்தில் இல்லை. குடியிருப்பு யோசனையை முதலில் எடுத்தவள் நான். “முதியோர் இல்லத்துக்கா அம்மா போகிறீர்கள்?” என்று கேட்டுவிட்டு, மகள் இரண்டு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

இது முதியோர் இல்லம் அன்று என்பதை அவளுக்குப் புரியவைத்ததைவிட, எனக்கே புரியவைத்துக்கொள்ள அதிக நாளாயிற்று. முதியோர் பராமரிப்பு இல்லங்கள் மத்திய அரசின் சட்டத்துக்குள் வருபவை. ஓய்வுக்காலக் குடியிருப்போ மாநிலச் சட்டத்துக்குள் வரும் வெறும் வீடு, 55 வயதைக் கடந்தவர்களுக்கும் முழுநேர வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உரியது. இங்கே செவிலியர் இல்லை, மாத்திரை எடுத்துத் தருபவர் இல்லை, சாப்பாடும் வராது. உதவி தேவைப்படும் நிலை வந்தால், மை ஏஜ்டு கேர் என்னும் அரசு அமைப்பின் வழியாக மதிப்பீடு செய்துகொண்டு, தகுதிக்கேற்ப வீட்டுக்கே ஆள் வரவழைத்துக்கொள்ள வேண்டும்.

“சொந்த வீடா, வாடகையா?” என்று உறவினர்கள் கேட்டபோது இரண்டும் இல்லை என்றேன், நம்பவில்லை. முப்பது ஆண்டுகள் வங்கியில் கடன் பத்திரங்களைப் படித்தவள் நான், எனக்கே அந்த ஒப்பந்தம் மூன்று முறை வாசித்த பிறகுதான் பிடிபட்டது. லாப நோக்கமற்ற ஒரு நிறுவனத்துக்கு நாங்கள் 4 இலட்சம் டாலரை வட்டியில்லாக் கடனாகத் தருகிறோம். அதற்கு ஈடாக ஒரு யூனிட்டில் ஆயுள் முழுவதும் வசிக்கும் உரிமத்தை அது தருகிறது. பத்திரம் எங்கள் பெயரில் இல்லை, வீட்டின் மதிப்பு உயர்ந்தாலும் ஆதாயம் எங்களுக்கில்லை. எங்கள் ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 5 சதவீதம் வீதம், 25 சதவீதம் வரை வெளியேறும் கட்டணம் கழியும். மீதியை, காலி செய்த ஆறு மாதத்துக்குள் திருப்பித் தந்தாக வேண்டும் என்கிறது சட்டம். பத்தாண்டு இருந்தால் கழியும் 1 இலட்சம் டாலர், வாரத்துக்கு 200 டாலருக்கும் குறைவான வாடகைபோல் ஆகிறது. ஐந்தாண்டிலேயே கிளம்பினால் அதே தொகை இரு மடங்கு வாடகையாகிவிடும். மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணம் இதற்கு வெளியே. ஆக, நீண்ட நாள் இருப்போம் என்று எங்கள் உடம்பின்மேல் பந்தயம் கட்டினோம். கையெழுத்திடுவதற்கு 14 நாள் முன்பே விவர அறிக்கையைத் தர வேண்டும் என்பதும், கையெழுத்திட்ட பிறகும் ஏழு வேலை நாட்களுக்குள் மனம் மாறலாம் என்பதும் அந்தப் பந்தயத்துக்குக் கிடைத்த சிறு பாதுகாப்புகள்.

சுற்றிக்காட்டியபோது வெந்நீர் நீச்சல் குளம், பந்து உருட்டி ஆடும் பௌலிங் புல்தரை, நூலகம், தச்சுப் பட்டறை, விருந்தினர் அறை என்று வரிசையாகக் காட்டினார்கள். குளத்தில் நான் இதுவரை இரண்டு முறைதான் இறங்கியிருக்கிறேன். சுற்றிக்காட்டும்போது யாரும் நின்று காட்டாதவைதான் பயன்பட்டன: வாசலிலும் குளியலறையிலும் தடுக்காத சமதளத் தரை, சுவரிலிருந்து மடக்கி இறக்கும் இருக்கை, குனியாமல் எட்டும் உயரத்தில் பிளக் பாயின்ட்கள், நடைபாதையில் மூச்சு வாங்கும் இடத்தில் சரியாக ஒரு பெஞ்சு. வாரம் இருமுறை கடைத்தெருவுக்குப் போகும் குடியிருப்புப் பேருந்தில், கணவர் ஆறாண்டுகளில் முதன்முறையாக யாரையும் கேட்காமல் ஏறிப் போய்த் தமக்கொரு செருப்பு வாங்கி வந்தார். அளவு சரியில்லை, மறுவாரம் தாமே போய் மாற்றிக்கொண்டார்.

அந்தக் குளியலறையில்தான் இரண்டாம் வாரம் ஒரு கூத்தும் நடந்தது. தொங்கிய சிவப்புக் கயிற்றை விளக்குக்கானது என்று அவர் இழுத்துவிட்டார். அது அவசர அழைப்புக்கானது. சற்று நேரத்தில் கூடத்து ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெண், நலமா என்று உரக்கக் கேட்டார். துண்டோடு நின்றவர், வீட்டுக்குள் ஆள் வந்துவிட்டதாகப் பதறி, ஒரு வார்த்தையும் பேசவில்லை. பதில் வராததால் அந்தப் பெண், அவசரத்துக்கு அழைக்க நாங்கள் கொடுத்திருந்த பட்டியலில் முதலில் இருந்த மகளை அழைக்க, அலுவலகக் கூட்டத்தில் இருந்த அவள் நாற்பது நிமிடம் காரோட்டி வந்து சேர்ந்தாள். அப்போதுதான் விசாரித்தேன்: அந்த அழைப்பு குடியிருப்பில் யாருக்கும் போவதில்லை, எங்கோ இருக்கும் ஒரு கண்காணிப்பு மையம் எடுத்து, நாம் கொடுத்த எண்களுக்கு வரிசையாகப் பேசுகிறது, அவசியமானால் ஆம்புலன்ஸுக்குச் சொல்கிறது. கயிற்றை இழுத்தால் பக்கத்து அறையிலிருந்து யாரோ ஓடி வருவார்கள் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாள் முதல் நான் நினைத்திருந்தேன்.

கழிப்பறையில் கழுவிக்கொள்ளும் கைக்குழாயான ஹெல்த் ஃபாசெட் பொருத்துவது தனிக் கதை. யூனிட்டுக்குள் எதை மாற்றவும் நிர்வாகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். உரிமம் பெற்ற பிளம்பர்தான் செய்ய வேண்டும். கழிவு நீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பாமல் தடுக்கும் கருவியும் வேண்டும். ஐந்து வாரமும் மூன்று படிவங்களும் ஆயின. எதற்கு என்று அலுவலகப் பெண் மிகுந்த மரியாதையோடு கேட்டதற்கு நானும் அதே மரியாதையோடு விளக்கினேன்.

எழுபதாம் நாளை ஒட்டிக் குடியிருப்பாளர் கூட்டம் வந்தது. பராமரிப்புக் கட்டணத்தை, விலைவாசி உயர்வைக் காட்டும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணுக்கு மேல் உயர்த்த எங்கள் சம்மதம் தேவை என்பதால், நிர்வாகம் கணக்கோடு வந்திருந்தது. தோட்டப் பராமரிப்புச் செலவு இரண்டு தலைப்புகளில் வருவதைக் கண்டு எழுந்து கேட்டேன். என் உச்சரிப்பு பலருக்குப் புரியவில்லை. பக்கத்து யூனிட்டில் தனியாக வசிக்கும் பெண்மணி, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, அதே எண்களைத் திரும்ப வாசித்தார். உயர்வுக்கு அன்று சம்மதம் கிடைக்கவில்லை. மறுநாள் அவர் எங்கள் கதவைத் தட்டி, முந்தைய மூன்றாண்டுக் கணக்குகளையும் மேசைமேல் வைத்தார்.

90ஆம் நாள் மகள் தொலைபேசியில் அழைத்து, வேறு எதை எதையோ பேசிவிட்டு வைத்தாள். அன்று மாலை நான் அலுவலகத்துக்குப் போய், அவசர அழைப்புக்கான பட்டியலை மாற்றி எழுதிக் கொடுத்தேன். இப்போது முதல் எண் பக்கத்து யூனிட்டுக்காரருடையது, மகளுடையது இரண்டாவது. அவருடைய பட்டியலில் இதுவரை வெளியூரிலிருக்கும் தம்பி மட்டுமே இருந்தாராம். அதில் மேலே என் எண்ணைச் சேர்த்திருக்கிறார்.