இரண்டரை மணி நேரமும் ஒரு மஞ்சள் கறையும்

எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஆனால் வீட்டில் யாரும் வாய் தவறிக்கூட அப்படிச் சொல்வதில்லை. சுற்றிலும் செம்பனை, நடுவில் நாலு தெரு கடை, அதைத் தாண்டி எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நாய் குரைப்பதுதான் பொழுதுபோக்கு. இப்படிப்பட்ட ஊரில்தான் தீபாவளிக்கு மறுநாள் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸ்ஸி' திரையிடப்பட்டது.

திரையிட்டவன் என் அக்கா மகன். கோலாலம்பூரில் சினிமா படிக்கிறான். வரும்போதே கையில் ஒரு புரொஜெக்டர், வாயில் ஒரே பேச்சு. மாமா, உலகத்து இயக்குநர்கள் எல்லாம் ஓட்டுப் போட்டு 2022-ல் இந்தப் படத்துக்குத்தான் முதலிடம் கொடுத்தார்கள், நீங்கள் இன்னும் பார்க்கவில்லையா என்று கேட்டான். அந்தக் கேள்வியில் இருந்த பரிதாபம் எனக்குப் பிடிக்கவில்லை. அறிவியல் கதை என்றால் எனக்கு உயிர். இந்தப் படத்தின் கதையில் பங்குள்ள எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் பெயர் சின்ன வயதிலிருந்தே பழக்கம், மனிதர் 1956-லிருந்து கொழும்புப் பக்கமே குடியிருந்ததால் அவரைப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஆனாலும் படம் மட்டும் பார்த்ததில்லை. சரி போடு என்றேன்.

திரைக்கு வெள்ளை பெட்ஷீட் வேண்டும். என் மனைவி நல்லதைத் தரமாட்டேன் என்றாள், நியாயம்தான். கொடுத்தது பழையது. தைப்பூசத்துக்கு மஞ்சள் நனைத்த வேட்டியோடு சேர்த்து ஊறப்போட்டதில் வலது பக்க மேல்மூலையில் ஒரு கறை, சரியாக ஒரு தோசை அளவு, ஓரம் கொஞ்சம் சிவந்து, ஒரு பக்கம் வெளிறி, எத்தனை துவைத்தும் போகாதது. அதைத்தான் கார் நிறுத்துமிடத்தில் கம்பியில் கட்டினோம்.

அப்பாவுக்குத் துணி கட்டிப் படம் பார்ப்பது புதிதில்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் திடலில் துணி கட்டி எம்.ஜி.ஆர். படம் ஓட்டுவார்களாம், பாயைச் சுருட்டிக்கொண்டு போய் இடம் பிடிப்பார்களாம், இடம் கிடைக்காமல் துணிக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு எம்.ஜி.ஆர். கடைசிவரை இடது கையால்தான் வாள் வீசுவாராம். அந்த ஞாபகத்தில் அப்பா தன் பழைய கூட்டாளி மண்டோர் மாமாவையும் வரச்சொல்லிவிட்டார். மண்டோர் என்றால் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. எதிர்வீட்டு அக்கா பிள்ளைகளோடும் ஒரு டின் முறுக்கோடும் வந்தார். கொசுவர்த்தி ஏற்றி, எல்லாருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்து, விளக்கை அணைத்தோம்.

படம் ஆரம்பித்தது. ஒன்றும் தெரியவில்லை. கும்மிருட்டு, எங்கோ தேனீக்கூட்டைக் கலைத்தது மாதிரி ஒரு இரைச்சல் மட்டும். அரை நிமிஷம் பார்த்தேன், லென்ஸ் மூடியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், இல்லை, உடனே பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டேன். மறுபடியும் முதலிலிருந்து இருட்டு. எதிர்வீட்டு அக்கா, "வயரு லூசா இருக்கும் தம்பி" என்றார், அதையும் அசைத்தேன், புரொஜெக்டர் அணைந்து மூன்றாவது முறையாக இருட்டு ஆரம்பித்தது. அப்போதுதான் உள்ளே முறுக்கு எடுக்கப் போயிருந்த மருமகன் ஓடி வந்தான். "மாமா, படமே அப்படித்தான். முதல் மூணு நிமிஷம் இசை மட்டும்தான்."

அப்புறம் குரங்குகள். குரங்குகள் என்றால் சும்மா இல்லை, குரங்குகள் உட்கார்ந்திருக்கின்றன, இலை தின்கின்றன, பக்கத்துக் குரங்கைப் பார்த்து உர்ரென்கின்றன, சூரியன் மறைகிறது, மறுநாளும் உட்கார்ந்திருக்கின்றன. அப்பா கேட்டார், "சவுண்டு வரலையா?" நான் ஸ்பீக்கரிடம் காதை வைத்துப் பார்த்தேன். வருகிறது, பேசத்தான் யாரும் இல்லை. கிட்டத்தட்ட 25 நிமிஷம் கழித்து முதல் வசனம் வருகிறது. அந்த மகத்தான முதல் வசனம் என்ன தெரியுமா, லிஃப்டில் ஒரு பெண், நீங்கள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது ஐயா என்கிறாள். அவ்வளவுதான். இதற்கு எங்கள் மருத்துவமனை லிஃப்டே போதும்.

பொய் சொல்லக்கூடாது, படம் பார்க்க அப்படி இருக்கிறது. குரங்கு வீசிய எலும்பு வானத்தில் சுழன்று ஒரே வெட்டில் விண்கலமாகும்போது எனக்கு நிஜமாகவே மயிர்க்கூச்செறிந்தது. 1968-ல் வந்த படம், நிலாவில் மனிதன் இறங்கியது அதற்கு அடுத்த வருஷம். சினிமாவில் கம்ப்யூட்டர் வரைகலை என்ற பேச்சே இல்லாத காலம். கப்பலுக்குள் ஒருவர் சக்கரத்தின் உள்பக்கமாகவே சுற்றிச்சுற்றி ஓடுகிறாரே, அதற்காக 38 அடி விட்டத்தில் நிஜமாகவே ஒரு ராட்டினம் கட்டிச் சுழலவிட்டார்களாம், ஏழரை லட்சம் டாலராம். அந்தரத்தில் மிதக்கும் பேனா, கண்ணாடித் தகட்டில் ஒட்டிவைத்த பேனாவாம். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் தன் வாழ்நாளில் வாங்கிய ஒரே ஆஸ்கரும் இந்தப் படத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸுக்குத்தான். இதையெல்லாம் மருமகன் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தான், உண்மையைச் சொன்னால் படத்தைவிட அது சுவாரசியமாக இருந்தது.

பிரச்சினை என்னவென்றால், ஒரு கலம் நிலையத்தோடு சேரப்போகிறது என்று காட்டினால் பார்த்தாச்சு, புரிந்தாச்சு, அழகாகவும் இருக்கிறது, ஆனால் அதற்கப்புறமும் சேர்ந்துகொண்டே இருக்கிறது. பின்னணியில் அந்த வியன்னா நாட்டிய இசை. எதிர்வீட்டு அக்காவின் சின்ன மகள், "இது போன்ல வெயிட் பண்ணச் சொல்லிட்டுப் போடுற பாட்டு" என்றாள். அதைவிடப் பொருத்தமாக எந்த விமர்சகரும் சொல்லிவிட முடியாது. அப்பா தன் பங்குக்கு, "நம்ம மலேசியா ஷேக் முஸாபார் 2007-ல விண்வெளிக்குப் போனாரே, 11 நாள்ல திரும்பியே வந்துட்டாரு, இவங்க இன்னும் கதவைத் திறக்கலையே லா" என்றார். மளிகைக் கடை காலண்டரில் நல்ல மலைப் படம் வந்தால் நானும் சுவரில் மாட்டுவேன். அதற்காக அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேனா?

ஒரு கட்டத்தில் விண்வெளி வீரர் வெளியே போகிறார், அவர் மூச்சுவிடும் சத்தம் தவிர வேறெதுவும் இல்லை. நிமிஷக்கணக்கில் ஹ்ஹ்ஹா... ஹ்ஹ்ஹா... எதிர்வீட்டு அக்கா இருட்டில் பதறி, "ஐயோ, பெரியவருக்கு இழுப்பு வந்திருச்சு!" என்று கத்த, என் மனைவி இன்ஹேலரைத் தேடி உள்ளே ஓட, நான் விளக்கைப் போட்டேன். அப்பா முறுக்கை வாயில் வைத்தபடி, "நான் இல்ல, அந்த ஆளு" என்று துணியைக் காட்டினார்.

மண்டோர் மாமா மட்டும் ஆரம்பத்திலிருந்து வாய் திறக்கவில்லை. ஆழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஹால் என்ற கம்ப்யூட்டர் வந்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். கப்பலில் மூன்று பேர் பெட்டிக்குள் தூக்கம், இரண்டு பேர் விழித்திருந்து ஓடுவதும் தின்பதும், ஹால்தான் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு மொத்தக் கப்பலையும் பார்த்துக்கொள்கிறது. "இதான் மண்டோரு" என்றார். முப்பது வருஷம் விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆட்களை வரிசையில் நிறுத்தும் இடத்தில், பெயர் கூப்பிட்டவர், அடையாளம் தெரியாமல் இருக்குமா. அந்த இரண்டு பேரும் தனி அறைக்குள் போய், ஹாலின் இணைப்பைப் பிடுங்கிவிடலாமா என்று குசுகுசுக்க, ஹால் அவர்கள் உதட்டை வைத்தே விஷயத்தைப் படித்துவிடும் இடத்தில் மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "வேலை செய்றவன் அவன் ஒருத்தன்தான், அவனுக்கே ஆப்பு வைக்கிறானுங்க பாரு. எங்காலத்துலயும் இப்படித்தான்." அப்பா அவரை ஒரு மாதிரி பார்த்தார். அப்பா பெரட்டில் எதிர்ப்பக்கம் நின்றவர்.

அந்த இடத்தில் இடைவேளை. எங்களுக்கு அது இடைவேளை என்று தெரியாதே, மறுபடி இருட்டும் இசையும் வந்ததும் படம் முடிந்தது என்று எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். எதிர்வீட்டு அக்கா, "நல்லா இருந்துச்சு தம்பி" என்று டின்னை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு போயே போய்விட்டார். மண்டோர் மாமா சிலிப்பரை மாட்டி மோட்டார் சைக்கிளை முடுக்கியேவிட்டார். திரையில் வெளிச்சம் வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஹால் என்ன செய்யப்போகிறது என்று பார்க்காமல் அவரால் போக முடியவில்லை.

ஹால் ஒவ்வொருவராகக் கொன்றபோது அவர் முகத்தில் சலனமே இல்லை. ஆனால் கடைசியில் மிஞ்சிய அந்த ஒருத்தர் ஹாலின் மூளையை ஒவ்வொரு துண்டாகக் கழற்ற, அது பயமாக இருக்கிறது என்று கெஞ்சி, குரல் இழுத்து இழுத்து ஒரு பழைய பாட்டைப் பாடி அடங்கும் அல்லவா, மாமா எழுந்துவிட்டார். அந்தப் பத்து நிமிஷம் எனக்கும் தொண்டையை அடைத்தது, முழுப் படத்தில் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தது அங்கே மட்டும்தான். "மண்டோர் செத்துட்டான், இனி என்ன படம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனது நல்லது. அதற்கப்புறம் வருவது வெறும் கலர் வெளிச்சம், கோடு கோடாக, ஒளி நம் மேல் பாய்ந்துகொண்டே. என் மனைவி, கம்போங் குவாந்தான் போனால் படகில் உட்கார்ந்து மின்மினிப் பூச்சியாவது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அப்பா குறட்டை. பிறகு ஒரு வெள்ளை அறை, ஒரு கிழவர் சாப்பிடுகிறார், சாப்பிடுகிறார். முதல் காட்சிக்கு அப்புறம் குப்ரிக்கே சுமார் 19 நிமிஷத்தை வெட்டினாராம். இன்னும் கொஞ்சம் கத்தரியைக் கையில் வைத்திருந்திருக்கலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் முதல் காட்சியில் நடிகர் ராக் ஹட்சன் என்னய்யா இது என்று கேட்டபடி எழுந்து போனதாக விமர்சகர் ராஜர் எபர்ட் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் மண்டோர் மாமாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போயிருப்பார்.

விளக்கைப் போட்டதும் மருமகன் கண் பளபளக்க, "எப்படி மாமா?" என்றான். எனக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, உண்மை சொல்லவும் மனம் வரவில்லை. "ஒளிப்பதிவு அபாரம்" என்றேன். தமிழ்ப் படத்துக்கு விமர்சனம் எழுதுகிறவர்கள் எந்த நேரத்தில் இந்த வாக்கியத்தைப் பயன்படுத்துவார்கள் என்று அவனுக்கும் தெரியும். முகம் சுருங்கிவிட்டது. பெரிய திரையில் பார்க்கணும் மாமா, பெட்ஷீட்டில் பார்த்தால் எப்படி என்றான். இருக்கலாம். ஆனால் கொட்டாவிக்குத் திரை அளவு தெரியுமா என்ன.

நாலு நாள் கழித்து ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தபோது மண்டோர் மாமா வந்து எதிரில் உட்கார்ந்தார். தே தாரிக் வரும்வரை எதுவும் பேசவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, அந்த மஞ்சள் உருண்டை. குரங்கு காலத்துலயிருந்து அதே மூலைல நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்துச்சே. நிலாவுலயும் இருந்துச்சு, கப்பலுக்குள்ளயும் இருந்துச்சு. நான் பாதில போயிட்டேன். கடைசில அதுக்கு என்னாச்சு?"

அவ்வளவு நேரம் அவர் ஆழ்ந்து பார்த்தது எதை என்று அப்போதுதான் புரிந்தது.

"நேத்துக்கூட துவைச்சாங்க மாமா," என்றேன். "போகலை."