ஏழு துண்டுகளும் ஒரு கட்டுரையும்

1996ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலத்தில், வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் இருட்டிய பின்னும் வேலை செய்த ஒரே பொழுதுபோக்கு, அப்பா புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கி வந்த ‘பிரிக் கேம்’ என்ற கைக்கருவிதான். மெழுகுதிரி வெளிச்சத்துக்கு அதன் சிறு திரையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து விழும் துண்டுகளை நானும் அக்காவும் முறைவைத்து அடுக்குவோம்; இடைவெளியின்றி நிரம்பிய வரி மறைந்துவிடும். அந்த விளையாட்டின் மூலப்பெயர் டெட்ரிஸ் என்பதை நான் அறிந்தது பல ஆண்டுகளுக்குப் பின்னர். சென்ற ஆண்டு ஒரு மாலை, எவரும் தொகுக்கக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் டெட்ரிஸ் பற்றித் தமிழில் என்ன இருக்கிறது என்று பார்த்தபோது, ஏழு வரிகள் மட்டுமே இருந்தன. அவற்றுள் ஒன்று, இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் அதனால் உடனடியாகப் பெருஞ்செல்வரானார் என்றது. இன்னொன்று, 2023ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படமொன்றில் கற்பனையாகச் சேர்க்கப்பட்ட கார்த் துரத்தலை நடந்த வரலாறாகவே எழுதியிருந்தது.

ஒரே இரவில் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். பாதியை நினைவிலிருந்தும் மீதியை மொழிபெயர்ப்புச் செயலியின் துணையோடும் எழுதி, நள்ளிரவு தாண்டிச் சேமித்துவிட்டு உறங்கினேன். காலையில் எழுந்து பார்த்தால் கட்டுரை பழைய ஏழு வரிக்கே மீளமைக்கப்பட்டிருந்தது. என் பேச்சுப் பக்கத்தில், அனுபவமுள்ள பயனர் ஒருவர் மரியாதையோடு ஒரு குறிப்பு இட்டிருந்தார். மேற்கோள் இல்லை, கலைக்களஞ்சிய நடை இல்லை, இயந்திர மொழிபெயர்ப்பு சரிபார்க்கப்படவில்லை என்று கூறிய அவர், கடைசிக் குறைக்கு எடுத்துக்காட்டாக என்னுடைய வாக்கியம் ஒன்றையே எடுத்து வைத்திருந்தார்: ‘நான்கு வரிகளை ஒரே நேரத்தில் நீக்குபவருக்குக் கூடுதல் புள்ளிகள் கிடைக்கும்.’ இலங்கையில் அப்படி ஒருவர் கிடைத்தால் புள்ளி மட்டுமல்ல, வாக்கும் கிடைக்கும். கோபத்தோடு படிக்கத் தொடங்கிய நான் அந்த இடத்தில் சிரித்துவிட்டேன். அவர் செய்தது சரி என்பதும் அப்போதே விளங்கிவிட்டது.

அதன் பின்னர், கட்டுரையை வெளியிடும் முன் எழுதிப் பார்ப்பதற்கான ‘மணல்தொட்டி’ என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். வரி என்பதை விட்டு, பாடசாலைக் கணிதத்தில் படித்த ‘நிரை’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். நிரைக்கு இணையான ‘நிரல்’ வந்தபோது வேறொரு சிக்கல் முளைத்தது. கணினித் தமிழில் நிரல் என்றால் செய்நிரல் என்றே பொருள்கொள்ளப்படும் என்பதால், ‘10 நிரல்கள் கொண்ட விளையாட்டு’ என்று எழுதினால் பத்து மென்பொருள்களால் ஆனது என்று வாசகர் எண்ணக்கூடும். ஆகவே, ஆடுகளம் 10 கட்டம் அகலமும் 20 கட்டம் உயரமும் உடையது என்று நேராக எழுதினேன். இப்படி ஒரு பந்திக்கு ஒரு மாலை என்ற கணக்கில் வேலை நகர்ந்தது.

துண்டுகளின் வடிவங்களை விளக்கும் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதிகம் இழந்ததும் அங்கேதான். நான்கு சதுரங்களை விளிம்போடு விளிம்பு சேரப் பொருத்தினால், சுழற்றுவதை வேறு வடிவமாகக் கொள்ளாத நிலையில், ஏழு வடிவங்களே கிடைக்கும். அவற்றை ஆங்கில எழுத்துகளின் பெயரால் அழைப்பதே உலக வழக்கம். அவற்றில் எல் என்று சொல்லப்படும் துண்டு நம்முடைய ‘ட’வை அப்படியே ஒத்திருப்பதைக் கண்டு, ‘ட வடிவத் துண்டு’ என்று மகிழ்ச்சியோடு எழுதினேன். அதே பயனர் மீண்டும் வந்து, இவ்வாறு அழைக்கும் நூலோ இதழோ உண்டா என்று கேட்டார். இல்லை. ஒருவர் தாமாகக் கண்டறிந்தது எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், வேறெங்கும் வெளிவராதவரை கலைக்களஞ்சியத்தில் இடம்பெறக் கூடாது என்பது அங்குள்ள அடிப்படை விதி. ‘ட’ போயிற்று. அந்த விதியை நான் ஏற்றுக்கொண்டேன், ஆனால் அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் சிறிது வருத்தமாகத்தான் இருக்கிறது.

தலைப்பிலும் ஓர் உரையாடல் நடந்தது. இலங்கை வழக்கில் ‘ரெற்றிஸ்’ என்று எழுத வேண்டும் என்பது என் முதல் எண்ணம். ரெலிபோன், ரிக்கற் என்று எழுதியே வளர்ந்தவன் நான். தமிழகத்து வாசகருக்கு அது வேறொரு சொல்லாகத் தெரியும் என்றார்கள். டெட்ரிஸ் என்ற தலைப்பை வைத்து, ரெற்றிஸ் என்று தேடுபவரும் அங்கேயே வந்து சேரும்படி வழிமாற்று ஒன்றை உருவாக்கியதோடு அது முடிந்தது. கட்டுரையின் ஓரத்தில் முக்கியத் தகவல்களைக் காட்டும் ஆயத்தப் படிவமான தகவற்பெட்டி வார்ப்புரு இருமுறை உடைந்து, மூன்றாம் முறை சரியாயிற்று. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

வரலாற்றுப் பகுதிக்குத்தான் உண்மையான உழைப்பு தேவைப்பட்டது. மொஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பாஜித்னோவ், எலக்ட்ரோனிக்கா 60 என்ற கணினியில் இதை உருவாக்கினார். அந்தக் கணினியில் வரைகலை வசதி இல்லாததால், துண்டுகளை அடைப்புக்குறிகளைக் கொண்டே திரையில் காட்டினார். கிரேக்க மொழியில் நான்கைக் குறிக்கும் சொல்லோடு தாம் விரும்பிய டென்னிஸ் ஆட்டத்தின் பெயரைச் சேர்த்து டெட்ரிஸ் என்று பெயரிட்டார். ஐபிஎம் கணினிக்கு அதை மாற்றியமைத்தவர்களுள் ஒருவரான வதிம் கெராசிமோவ் அப்போது பதினாறு வயது மாணவர். இவற்றுக்கெல்லாம் சான்று எளிதாகக் கிடைத்தது. ஆனால் எந்த ஆண்டு என்பதில் ஆக்கங்கள் ஒத்துப்போகவில்லை. உரிமையை வைத்திருக்கும் நிறுவனம் 1984 ஜூன் 6ஐப் பிறந்தநாளாகக் கொண்டு 2024இல் நாற்பதாவது ஆண்டைக் கொண்டாடியது. வேறு சில ஆக்கங்கள் 1985 என்கின்றன. எது சரி என்று நானே தீர்ப்பளிக்க இரண்டு இரவுகள் முயன்றேன். பின்னர், தீர்ப்பளிப்பது தொகுப்பாளரின் வேலையன்று, இன்னார் இன்ன ஆண்டைச் சொல்கிறார் என்று இரண்டையும் மேற்கோளோடு பதிவதே வேலை என்பதைப் பேச்சுப் பக்கத்தில் நடந்த விவாதத்திலிருந்து புரிந்துகொண்டேன்.

பெருஞ்செல்வர் கதையையும் திருத்தினேன். விளையாட்டின் வெளிநாட்டு உரிமங்களைச் சோவியத் அரசின் எலொர்க் அமைப்பே கையாண்டது. விளையாட்டு வெளியீட்டாளரான ஹென்க் ரோஜர்ஸ் 1989இல் மொஸ்கோவுக்குச் சென்று, கைக்கருவிகளுக்கான உரிமையைப் பெற்ற பின்னர், நின்டெண்டோவின் கேம்பாய் வழியாக டெட்ரிஸ் உலகமெங்கும் பரவியது. அந்தப் பதிப்பு 35 மில்லியனுக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையான போதும், பாஜித்னோவுக்கு உரிமத்தொகை எதுவும் கிடைக்கவில்லை. 1991இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அவர், 1996இல் ரோஜர்சுடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கிய பின்னரே தம் படைப்பிலிருந்து வருமானம் பெறத் தொடங்கினார். நாங்கள் மெழுகுதிரியின் முன் அமர்ந்து விளையாடியதும் அதே ஆண்டில்தான் என்பதை எழுதும்போதுதான் கவனித்தேன். (மில்லியனா கோடியா என்று ஒருவர் கேட்டார். இங்கே பத்திரிகைகள் மில்லியனில்தான் எழுதுகின்றன, 3.5 கோடி என்று மாற்றியதில் எனக்கு மறுப்பில்லை.)

ஐந்து வாரங்களுக்குப் பின்னர் மணல்தொட்டியிலிருந்து கட்டுரையை இடம் மாற்றினேன். யாரும் மீளமைக்கவில்லை. குறுங்கட்டுரை என்ற வார்ப்புருவை அந்தப் பயனரே நீக்கி, தொகுப்புச் சுருக்கத்தில் ‘நன்று’ என்ற ஒரு சொல்லை விட்டுச் சென்றிருந்தார்.

மணல்தொட்டியில் இன்னும் ஒரு வாக்கியம் மிச்சமிருக்கிறது: ‘1990களில் இலங்கையில் இவ்விளையாட்டு பிரிக் கேம் என்ற பெயரில் விற்கப்பட்ட மலிவான கைக்கருவிகள் வழியாகவே பரவலாக அறியப்பட்டது.’ இந்தக் கட்டுரையில் என் சொந்த அறிவால் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றே. ஆனால் என் விரல்களின் நினைவு மேற்கோளாகாது. ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் தேடிப் பார்த்தேன், பயன் இல்லை. இப்போது விடுப்புக் கிடைக்கும் நாட்களில் கொழும்பு ஏழில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குச் சென்று, பழைய வீரகேசரி, தினகரன் இதழ்களில் புறக்கோட்டைக் கடைகளின் விளம்பரங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அக்காவும் ஒருமுறை உடன் வந்தாள். விளம்பரத்தை விட்டுவிட்டு மின்வெட்டு அட்டவணைகளையே வாசித்துக்கொண்டிருந்தாள். 1995 டிசம்பர் வரை பார்த்தாயிற்று. அடுத்த முறை 1996 ஜனவரியிலிருந்து தொடங்க வேண்டும்.